டொக்டர் மாமி வீட்டில் நுளம்பு இல்லை

மாமியின் பிரிட்ஜ் கதவில், முட்டைத் தட்டுக்குக் கீழே, மூடி வெடித்த ஒரு வெனிலா ஐஸ்கிறீம் டப்பா இருந்தது. அதற்குள் ஐஸ்கிறீம் இருந்த காலத்தை நான் கண்டதில்லை. நான் கண்டதெல்லாம் குளிசைகள். பாதி வெட்டிய தகடுகள், பெயர் அழிந்த தகடுகள், முன்பு அந்த வீட்டில் தங்கிப் போன பெண்கள் காய்ச்சல் விட்டதும் குடிக்காமல் மிச்சம் வைத்த அன்டிபயோட்டிக், யாரோ ஒரு குழந்தைக்கு வாங்கி அடியில் உறைந்துபோன இருமல் பாணி. மாமி அவற்றை நிறத்தால் அடையாளம் வைத்திருந்தார். வெள்ளை காய்ச்சலுக்கு, மஞ்சள் நோவுக்கு, ரோஸ் வயிற்றுக்கு. "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்" என்ற பழமொழியை, அது ஆயிரம் வேரைக் கண்டவன் என்றுதான் இருக்க வேண்டும் எனத் திருத்துகிற தமிழறிஞர்கள் உண்டு. எங்கள் மாமி வேர் எதையும் கண்டதில்லை. அவர் கண்டது அந்த டப்பாவை மட்டும்தான்.

அவருடைய கணவர் டொக்டராக இருந்து காலமானவர். அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் எங்கள் ஒழுங்கை முழுவதும் அவரை "டொக்டர் மாமி" என்றே அழைத்தது. பொலிஸ்காரரின் மனைவி திருடனைப் பிடிக்கப் போவதில்லை. விமானியின் மனைவியை நம்பி யாரும் விமானம் ஏறுவதில்லை. டொக்டரின் மனைவிக்கு மட்டும் இந்தச் சலுகை எப்படி வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வரவேற்பறையில் கணவரின் மாலை போட்ட படம். அதன் பக்கத்து ஆணியில் அவருடைய ஸ்டெதஸ்கோப். விளக்கு வைக்கும்போது மாமி இரண்டையும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். பிறகு நாற்காலியில் அமர்ந்து நோயாளிகளை எதிர்பார்ப்பார்.

நோயாளிகளும் வந்தார்கள். அதுதான் வெட்கக்கேடு. கணக்காளர்கள், பொறியியலாளர்கள், ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர்கள். ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்க வேண்டும், இங்கே தேத்தண்ணி கிடைக்கும் என்பதைத் தவிர வேறு காரணம் இருந்ததாகத் தெரியவில்லை. மாடிப்படி ஏறும்போது நெஞ்சை அழுத்துகிறது, இடது கை விறைக்கிறது என்று கீழ்வீட்டு ஐயா ஒருவர் வந்தார். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த மாரடைப்பின் அறிகுறி. மாமி அவருக்கு ரோஸ் குளிசை ஒன்றைக் கொடுத்து, "இது காஸ். பருப்பைக் குறையுங்கோ" என்றார். அவருடைய மகனுக்குக் கொஞ்சம் மூளை இருந்ததால் அந்த ஐயா பிழைத்தார். சீனி வருத்தத்துக்குப் பாகற்காய்ச் சாறு. பிரஷர் பார்க்கிற பழைய கருவி கூடக் காட்டினால், "மெஷின் பிழை" என்பார். குறையக் காட்டினால், "அப்ப குளிசையைப் பாதியாக்குங்கோ" என்பார். இழுப்பு வந்து மூச்சுத் திணறும் பிள்ளைகளுக்கு வாயில் அடிக்கும் மருந்துப் பம்மைக் கண்டால் மாமிக்குப் பிடிக்காது. அது பழகிவிடுமாம். மூச்சும் பழக்கம்தான், அதை விடச் சொல்லி ஒருநாள் சொல்லுவா என்று என் அறைத்தோழி சொன்னாள்.

அவளைப் பற்றித்தான் எழுத வந்தேன். எரிச்சல் முந்திக்கொண்டது. நாங்கள் இருவர் மாமியின் பின்னறையில் தங்கியிருந்தோம். எனக்குக் கொம்பனித்தெருவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. அவள் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தாள். மாமி எங்கள் பெயர்களைப் பயன்படுத்தியதில்லை, யாழ்ப்பாணத்து ஊர்ப் பெயர்தான். நான் சாவகச்சேரிப் பிள்ளை, அவள் கரவெட்டிப் பிள்ளை. அவளுக்குத் தகப்பன் இல்லை. தாய்க்கு அவள் ஒருத்திதான். காலையில் காலி வீதிக்கு நடந்து போகும்போது மாமியைப் போலவே கழுத்தைச் சரித்து, என் நாடியைப் பிடித்து, "உமக்கு வாய்க் கொழுப்பு, பிள்ளை. மஞ்சள் ஒண்டு, ரோஸ் ஒண்டு" என்பாள். பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற சனம் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரிப்பாள். அப்படிச் சிரித்தவள் ஏன் மாமி கொடுத்ததை வாங்கிக் குடித்தாள் என்று கேட்பவர்கள், காய்ச்சலில் தனியாகப் படுத்தவர்களாக இருக்க முடியாது. தலை தூக்க முடியாமல் கிடக்கும்போது யார் தண்ணீரும் குளிசையும் நீட்டினாலும் வாங்கிக் குடிப்போம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வருடம் மாமிதான் எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் தலைவி. டெங்கு நுளம்பு ஒழிப்பு அவருடைய பெரிய வெற்றி. மேல்வீட்டு அம்மாவின் பூச்சட்டித் தட்டுகளில் தண்ணீர் தேங்கியிருந்தது என்று பி.எச்.ஐ. எனப்படும் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவித்து, அவரை அழைத்து வந்து, எல்லோரும் பார்க்க அந்த அம்மாவுக்குத் தண்டப்பணம் எழுதச் செய்திருந்தார். அதற்குப் பிறகு படிக்கட்டில் யாரைக் கண்டாலும், "என்ர வீட்டில ஒரு நுளம்பு காட்டுங்கோ பாப்பம்" என்பது அவருடைய வணக்கம் போலாகிவிட்டது. டெங்கு என்று ஆஸ்பத்திரியில் உறுதியானால், நோயாளியின் விலாசத்துக்கு பி.எச்.ஐ. தேடி வருவார் என்பது கொழும்பில் எல்லோருக்கும் தெரியும். மாமிக்கு நன்றாகவே தெரியும். அவரே ஒருமுறை அழைத்து வந்தவர் அல்லவா.

தோழிக்குக் காய்ச்சல் ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. கண்ணுக்குப் பின்னால் குத்துகிறது, எலும்பை முறிக்கிற மாதிரி நோகிறது என்றாள். அது மழை விட்டு வெயில் எறித்த காலம். அவள் படிப்பித்த வகுப்பில் பாதிப் பிள்ளைகள் டெங்கு என்று வரவில்லை. நான் இரத்தம் பரிசோதிக்கப் போவோம் என்றேன். மாமி அறை வாசலில் வந்து நின்றார்.

"டெங்கு எண்டால் மேலெல்லாம் சிவப்புப் புள்ளி வரும். எங்க புள்ளி? இது வைரல் பிள்ளை. நுளம்பு இல்லாத வீட்டில டெங்கு எப்பிடி வரும்?"

மஞ்சள் குளிசை வந்தது. நோவுக்கான குளிசை. ஒருமணி நேரத்தில் நோ குறைந்தது. மாமியின் முகத்தில் வந்த பெருமையை நினைத்தால் எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. மறுநாள் நான் மறுபடியும் பரிசோதனை என்று வாயெடுத்தபோது, "நீர் என்ன, எனக்குப் படிப்பிக்கிறீரோ? டொக்டரின்ர வீட்டில இருந்துகொண்டு லாபுக்கு ஓடினா சனம் என்ன நினைக்கும்?" என்று கேட்டார். தோழியே, "விடடி, ரெண்டு நாளில மாறிடும்" என்றாள். கரவெட்டியிலிருந்து தாய் தொலைபேசியில் அழுதார், வெளிக்கிட்டு வரட்டோ என்று. தொலைபேசியை மாமி வாங்கினார். "நீங்கள் ஏன் அக்கா பஸ்ஸில இடிபட்டு வாறியள்? பிள்ளை டொக்டர் வீட்டில இருக்கு. நான் பாக்கிறன்." தாய் அந்த வார்த்தையை நம்பி அங்கேயே நின்றுவிட்டார்.

இப்போது எனக்கு டெங்குவைப் பற்றித் தெரிந்தது, அப்போது அந்த வீட்டில் யாராவது ஒரு சுவரொட்டியை நின்று வாசித்திருந்தால் தெரிந்திருக்கும். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் மட்டும், அதுவும் அளவோடு. நோவுக்கான மற்றக் குளிசைகளைத் தொடவே கூடாது, அவை இரத்தக்கசிவைக் கூட்டும். கஞ்சி, இளநீர், உப்புக் கரைசல் என்று ஏதாவது குடித்துக்கொண்டே இருக்க வேண்டும், எவ்வளவு சலம், அதாவது சிறுநீர், போகிறது என்று கவனிக்க வேண்டும். மூன்றாம் நாளுக்குள் இரத்தம் பரிசோதித்தே ஆக வேண்டும். புள்ளி வரலாம், வராமலும் விடலாம். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: டெங்குவில் காய்ச்சல் விடுவது எப்போதும் சுகம் அல்ல. பலருக்கு அப்படியே சுகமாகிவிடும்; சிலருக்கு ஆபத்து அப்போதுதான் தொடங்கும். உடம்பு குளிர்ந்த பிறகுதான் இரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்குகிறது. வயிறு நோகும், குமட்டிச் சத்தி வரும், கைகால் சில்லிடும், ஆள் சோர்ந்து நித்திரை போலக் கிடப்பார். வெளியே பார்த்தால் காய்ச்சல் விட்டு ஆறுதலாகத் தூங்குகிறார் என்று தோன்றும். இந்த நோயின் கபடம் அதுதான். மாமியைப் போன்றவர்களுக்கென்றே செய்து வைத்த நோய்.

வியாழக்கிழமை காலை காய்ச்சல் விட்டது. வீட்டில் கொண்டாட்டம். மாமி கணவரின் படத்துக்குப் புதுப் பூ வைத்தார், கரவெட்டிக்குத் தொலைபேசி எடுத்தார், மிளகுதண்ணி வைத்தார். பிறகு ஊர் வழக்கப்படி தலைக்கு வார்க்க வேண்டும் என்று சொல்லி, வேப்பிலை போட்டுச் சுட வைத்த தண்ணீரால் அவளை முழுக வார்த்தார். நான் வேலைக்குப் போகும்போது அவள் ஈரத் தலையோடு கட்டிலில் சாய்ந்திருந்தாள். "வயிறு ஒரு மாதிரி இருக்கடி" என்றாள். நான் மாமியைப் பார்த்தேன். "நாலு நாள் ஒண்டும் சாப்பிடாத வயிறு, நோகாமல் என்ன செய்யும்?" என்றார் மாமி. மத்தியானம் அலுவலகத்திலிருந்து எடுத்தபோது, பிள்ளை நல்ல நித்திரை, குழப்ப வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு மனம் கேட்கவில்லை. அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்தேன். அவளுடைய கையைப் பிடித்தபோது பிரிட்ஜிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. பல் முரசில் இரத்தம். காலையிலிருந்து சலம் போகவில்லை என்றாள், அதுவும் இரண்டாம் தரம் கேட்ட பிறகு. நான் கீழே ஓடி ஒரு த்ரீவீலரை நிறுத்தி, மேலே வந்து அவளை எழுப்பித் தோளில் சாய்த்து வாசலுக்குக் கொண்டுவந்தேன். மாமி வாசலை மறித்து நின்றார். தடுக்கவில்லை என்று அவர் பிறகு சொன்னதாகக் கேள்வி. உண்மைதான், கையால் தடுக்கவில்லை. கதைத்தார்.

"பிரைவேட்டுக்குக் கொண்டு போம். அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனா கரைச்சல்."

"களுபோவிலைக்குத்தான் போறன். அதுதான் கிட்ட."

"சரி, போறதெண்டால் போம். ஆனா இந்த அட்ரஸைக் குடுக்காதேயும். அவளின்ர பள்ளிக்கூடத்து அட்ரஸைக் குடும்."

என் தோளில் ஒரு மனுசி செத்துக்கொண்டிருந்தாள். அவருக்கு விலாசம். நான் அந்த நிமிடம் வரை மாமியை ஒரு முட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். முட்டாள்கள் மேல் எனக்கு அவ்வளவு வெறுப்பில்லை, எங்கள் குடும்பத்திலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"அய்யே, இஸ்பிரிதாலெட்ட, இக்மனட்ட" என்று சிங்களத்தில் கத்தினேன். அண்ணே, ஆஸ்பத்திரிக்கு, கெதியாக என்று. அந்த த்ரீவீலர்காரர் நெரிசலுக்குள் புகுந்து எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆஸ்பத்திரியில் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். சேலைனும் இரத்தமும் ஏற்றினார்கள். இளம் டொக்டர் ஒருத்தி, "அய் மெச்சர பரக்கு உனே?" என்று கேட்டாள். ஏன் இவ்வளவு பிந்தியது என்று. என்ன குளிசை கொடுத்தீர்கள் என்றும் கேட்டாள். மஞ்சள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்த தகட்டைக் கையோடு எடுத்து வந்திருந்தேன், அதை நீட்டினேன். அவள் மருந்தின் பெயரை வாசித்துவிட்டு, தகட்டையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். விலாசம் கேட்டவரிடம் சரியான விலாசத்தைக் கொடுத்தேன். தாய் கரவெட்டியிலிருந்து வந்து சேரும்வரைதான் அவள் தாங்கினாள். சனிக்கிழமை போய்விட்டாள்.

பி.எச்.ஐ. வந்தார். பால்கனியில் ஒன்றும் இல்லை. குளியலறையிலும் இல்லை. மாமி பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். பிரிட்ஜை இழுத்து, பின்பக்கம் தண்ணீர் வடிகிற தட்டில் பரிசோதகர் டோர்ச் அடித்தபோது அதற்குள் நுளம்புக் குடம்பிகள் நெளிந்தன. முன்பக்கக் கதவில் மருந்து, பின்பக்கத் தட்டில் வருத்தம். "உது இந்தப் பிள்ளையள் துடைக்காமல் விட்டது" என்று மாமி சொன்னார். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியை அப்போது யாழ்ப்பாணத்துக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

இப்படியான நினைவுக் குறிப்புகளில் இந்த இடத்தில் எழுதுகிறவர் தலையைக் குனிந்து, "எனக்கும் அதில் பங்குண்டு" என்று எழுதுவது வழக்கம். அழகாக இருக்கும், வாசிப்பவர்களும் மனம் உருகுவார்கள். நான் எழுத மாட்டேன். எல்லோரும் ஆளுக்குக் கொஞ்சமாகக் குற்றத்தைப் பிரித்து எடுத்துக்கொண்டால், உரியவருக்கு ஒன்றும் மிஞ்சாது.

தாய்க்கு ஒன்றும் தெரியாது. பிணத்தை எடுத்த அன்று அவர் மாமியின் கையைப் பிடித்து, "நீங்கள் பெத்த பிள்ளை மாதிரிப் பாத்தியள் அக்கா" என்று அழுதார். மாமி அதை வாங்கி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தைப்பொங்கலுக்கு முன்னால் கரவெட்டியிலிருந்து எனக்கு ஒரு பார்சல் பஸ்ஸில் வரும். பனங்கட்டி, பனங்கிழங்கைக் காயவைத்த ஒடியல், புழுக்கொடியல். ஒரு பங்கு எனக்கு, ஒரு பங்கு டொக்டர் மாமிக்கு. நான் அந்த வீட்டைவிட்டு எப்போதோ வெளிக்கிட்டு, கலியாணம் முடித்து, கல்கிசைக்குக் குடிபோய்விட்டேன். ஆனாலும் வருடத்துக்கு ஒருமுறை மாமியின் வாசலில் நின்று அந்தப் பங்கைக் கொடுத்துவிட்டு, உள்ளே போகாமல் திரும்பி வருவேன். அறியாமையால் செய்தார், பாவம், கிழவி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மெல்ல மெல்ல அதை நம்பவும் தொடங்கியிருந்தேன்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் மாமியின் மகளைச் சந்தித்தேன். அவுஸ்திரேலியாவில் இருக்கிறவர், நல்ல மாதிரிப் பெண், பக்கத்துக் கதிரையில் இருந்து சாப்பிட்டார். நான் அந்த வீட்டில் தங்கியிருந்தவள் என்றதும் தோழியின் நினைவு அவருக்கும் வந்தது.

"ஐயோ, அந்தப் பாவம். அந்தக் கிழமைதான் நாங்களும் லீவில வந்தனாங்கள். வீட்டுப் பக்கமே வரேல்ல, தெரியுமோ? எங்களை அம்மாதான் காப்பாத்தினவ."

"எப்பிடி?"

"நாங்கள் செவ்வாய்க்கிழமை எயார்போர்ட்டில வந்து இறங்க அம்மா கோல் எடுத்தவ. வீட்டில ஒரு பிள்ளைக்கு நேற்றுத் தொடக்கம் காய்ச்சல், டெங்குதான், எனக்குப் பாத்தாத் தெரியும், சின்னவளை இஞ்ச கொண்டு வராதேங்கோ, ஹோட்டல் எடுங்கோ எண்டு. பிறகு நாங்கள் அப்பிடியே கண்டிக்குப் போயிட்டம். டொக்டரின்ர மனுசி எல்லே, அம்மாக்கு உதெல்லாம் உடன விளங்கிடும்."

பெருமையாகத்தான் சொன்னார். செவ்வாய்க்கிழமை. நான் பரிசோதனைக்குப் போவோம் என்று இரண்டாம் தரம் கேட்டு, எனக்குப் படிப்பிக்கிறீரோ என்று வாங்கிக் கட்டிக்கொண்ட அதே செவ்வாய்க்கிழமை. அந்த வியாதியின் பெயர் அந்த வீட்டில் சரியாகத் தெரிந்த ஒரே ஆள், மாமி.

எழும்பி மாமியிடம் போனேன். முன்வரிசையில் பட்டுச்சேலையோடு இருந்தார். சுற்றிலும் வழக்கம்போல ஆட்கள், ஒருவர் முழங்கால் நோவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தலையைச் சரித்தார்.

"சாவகச்சேரிப் பிள்ளை எல்லே? முகம் வெளிறிக் கிடக்கு. இரத்தம் காணாது உமக்கு."

"மாமி, அவளுக்கு டெங்கு எண்டு உங்களுக்குத் தெரியும்."

அவர் நடிக்கவில்லை. அவரைப் பற்றி நல்லதாக நான் எழுதக்கூடியது அது ஒன்றுதான். கைலேஞ்சியால் வாயைத் துடைத்தார்.

"எல்லாருக்குந்தானே பிள்ளை டெங்கு வருது. எல்லாரும் சாகினமே? மாறிப்போயிடும் எண்டுதான் நினைச்சனான். அந்த நேரம் பி.எச்.ஐ. வந்திருந்தா மேல்வீட்டுக்காரி என்னை விட்டிருப்பாளோ?"

முழங்கால் நோவுக்காரர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். "இவவிட்டக் குளிசை வாங்காதேங்கோ" என்று அவரிடம் எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் வாங்கியிருப்பார், சந்தேகமில்லை.

வீட்டில் பிரிக்காமல் கிடந்த இந்த வருடத்துப் பார்சலைப் பிரித்தேன். மாமியின் பங்கில் வழக்கம்போலத் தனியாக ஒரு பை, நல்ல பனங்கட்டியாகப் பொறுக்கிக் கட்டியது. தாய்க்குச் சொல்வதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். சொல்லாதே, அந்த மனுசிக்கு மிஞ்சியிருப்பது அந்த ஆறுதல் ஒன்றுதான் என்று என் கணவர் சொன்னார். ஆனால் அந்தப் பையை இன்னொருமுறை அந்த வாசலுக்குக் காவிக்கொண்டு போக என்னால் முடியாது. மூன்றாம் நாள் காலையில் கரவெட்டிக்குத் தொலைபேசி எடுத்தேன். பார்சல் கிடைத்ததோ, டொக்டர் மாமி சுகமோ என்று கேட்டார். நான் ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். குளிசையையும், செவ்வாய்க்கிழமையையும், விலாசத்தையும்.

மற்றப் பக்கத்தில், முற்றத்தில் யாரோ கூட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர், என்னிடம் அல்ல, தனக்குள் சொல்வதைப் போலச் சொன்னார்.

"அப்ப என்ர பிள்ளை நுளம்பு கடிச்சுச் சாகேல்ல."